புயல் சின்னமும் கொல்லைப்புறமும்

எல்லோருக்கும் வணக்கம். ஐப்பசி, கார்த்திகை வந்து, வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று செய்தி சொன்னதும் நம் கை செல்போனுக்குப் போகிறது. போகட்டும். எச்சரிக்கைக்கு வானிலை மையத்தைத்தான் கேட்க வேண்டும். கூடவே கொல்லைப்பக்கமும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள் என்பதுதான் என் ஆசை.

தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார்கள். மேலே காற்று வலுத்தால் கொசுவும் சிறு பூச்சிகளும் செடி மறைவுக்கு இறங்கிவிடும். இரை இறங்கினால் தட்டானும் இறங்கும். அதன் பின்னாலேயே பூச்சி தின்னும் பறவைகளான கரிச்சானும் தகைவிலானும் வரும். ஆக, அவை நாளைய புயலைச் சொல்வதில்லை. இப்போது வீசும் காற்றுக்கு ஏற்றபடி இரை தேடுகின்றன.

எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறுவதையும் கிட்டப்போய்ப் பாருங்கள். வாயில் இருக்கும் அந்த வெள்ளை மணிகளில் பெரும்பாலானவை முட்டையே இல்லை. புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான். சிலது எறும்பின் உடம்பளவு பெரிசாக இருக்கும். அதையும் தூக்கிக்கொண்டு சுவரேறும். ஆனால் வளை சூடேறினாலும், யாராவது கலைத்தாலும்கூட எறும்பு இடம் மாறும். அதை மட்டும் நம்பி மழை என்று சொல்லிவிட முடியாது.

ஈசல் பறந்தால் மழை என்றும் ஒரு பழமொழி உண்டு. ஈசல் கதையே வேறு. மண் நனைந்து, காற்று அடங்கி, புழுக்கமாக இருக்கும் அந்தியில்தான் பெரும்பாலும் கிளம்பும். அதாவது, பெய்த மழைக்குத்தான் அது முதல் சாட்சி. புயலின் வெளிவட்ட மேகம் ஒரு பாட்டம் பெய்துவிட்டு ஓயும்போது ஈசல் புறப்பட்டால், அடுத்த பாட்டமும் வரக்கூடும். பழமொழி பலிப்பது இப்படித்தான்.

சரி, பறவைக்கு எதுவுமே முன்கூட்டித் தெரியாதா? காற்றழுத்தம் தெரிகிறது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், வட அமெரிக்கச் சிட்டுகளைக் கூண்டில் வைத்து அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். அவை வழக்கத்தைவிடச் சீக்கிரம் இரையெடுக்கத் தொடங்கின. மழை பிடித்துக்கொண்டால் பட்டினிதானே! உடம்பே முந்திக்கொள்கிறது.

அதனால் புயலுக்கு முந்தின நாள் தவிட்டுக்குருவிகள் சருகைக் கிளறிக்கொண்டிருந்தால், அன்றைக்குப் பார்த்துக் கூட்டிப் பெருக்காதீர்கள். அந்தச் சருகுக்கு அடியில்தான் அவற்றின் இரை. அப்புறம், 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு நாளில் நனைந்து விழுந்த குஞ்சு கண்ணில் பட்டால், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டான இடத்தில் வையுங்கள். காற்று நின்றதும் எடுத்த மரத்தடிக்கே கொண்டுபோய் விடுங்கள். தாய் அங்கேதான் தேடும்.