அரசன் இல்லாத ஊரில் அரியணை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எந்த நாட்டில் அமைச்சரவை மாறினாலும், எந்தக் கட்சியில் வாரிசுத் தகராறு வந்தாலும், “கேம் ஆஃப் த்ரோன்ஸ் மாதிரியே இருக்கே” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். கற்பனை ராஜ்யம் ஒன்றில் அரியணைக்காக நடக்கும் சண்டையைச் சொல்லும் அந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2011 ஏப்ரலில் ஆரம்பித்து 2019 மே மாதம் முடிந்தது. மொத்தம் 73 பகுதிகள். முடிந்து இத்தனை வருடமாகியும் பேச்சு ஓயவில்லை.

அரசியல்வாதிகளும் அதை விட்டுவைக்கவில்லை. ஸ்பெயினில் பொடேமோஸ் கட்சியின் தலைவராக இருந்த பாப்லோ இக்லெசியாஸ், 2015-இல் பிரஸ்ஸல்ஸில் மன்னர் ஆறாம் ஃபெலிப்பேயைச் சந்தித்தபோது இந்தத் தொடரின் டிவிடி தொகுப்பைப் பரிசாகக் கொடுத்தார். முடியாட்சியே வேண்டாம் என்கிற மனிதர், மன்னருக்கு அரியணைக் கதையைக் கொடுக்கிறார்! குசும்புதான். 2018 நவம்பரில் டிரம்ப், ஈரான் மீதான தடைகளை அறிவிக்க இந்தத் தொடரின் எழுத்து பாணியிலேயே ஒரு படத்தை வெளியிட்டார். தொடரை ஒளிபரப்பிய எச்.பி.ஓ. நிறுவனம் அதை ரசிக்கவில்லை.

இதெல்லாம் வேடிக்கை, இருக்கட்டும். எனக்கு உறுத்துவது வேறு. தொடரைப் பார்த்தவர்களில் பலர், “அந்தக் காலத்துல எல்லாம் அப்படித்தான் சார், வெட்டு, குத்து, விஷம், நாற்காலி, அவ்வளவுதான் அரசியல்” என்று சில நூறு வருட வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். டிராகன் பறப்பதை யாரும் நம்புவதில்லை. டிராகனுக்குக் கீழே நடக்கிற அரசியலை மட்டும் அப்படியே நம்பிவிடுகிறோம்.

மூலக்கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், இங்கிலாந்தின் ரோஜாப் போர்கள் தன் கதைக்குத் தூண்டுதல் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். லங்காஸ்டர், யார்க் என்று அரச குடும்பத்தின் இரண்டு கிளைகள் 1455-இல் மோதத் தொடங்கின. சுத்தமான பங்காளிச் சண்டை. அதில் நடந்த கொலைகளும் துரோகங்களும் கற்பனையைவிடக் குறைந்தவை அல்ல. ஆனால் அது ஒரு நாட்டில் முப்பது வருடத்துக்குச் சற்று அதிகமாக நடந்த கதை. அதே நூற்றாண்டில் ஐரோப்பாவிலேயே வேறு விதமாக ஆண்ட ஊர்கள் இருந்தன. அப்படிப்பட்ட ஊர் ஒன்றில்தான் இந்தத் தொடரைப் படம் பிடித்தார்கள் என்பதுதான் கூத்து.

குரோஷியாவில், ஆட்ரியாடிக் கடலோரம் இருக்கிறது டூப்ரோவ்னிக். இரண்டாவது சீசனிலிருந்து தொடரின் தலைநகரம் அதுதான். கதையில் எல்லோரும் அடித்துக்கொள்ளும் இரும்பு அரியணை இருக்கிற ஊர். நிஜத்தில் அந்த ஊரின் பழைய பெயர் ரகூசா. 1358-இல் வெனிஸின் பிடியிலிருந்து விடுபட்டது. ஹங்கேரி மன்னரின் மேலாண்மையை ஏற்றுக்கொண்டாலும், ஊருக்குள் ஆட்சி முழுக்க ஊர்க்காரர்கள் கையில். 1808-இல் நெப்போலியனின் தளபதி மார்மோன் கலைக்கும்வரை அது குடியரசாகவே இருந்தது. நானூற்றைம்பது வருடம்!

அந்தக் குடியரசின் தலைவருக்கு ரெக்டர் என்று பெயர். பதவிக்காலம் எவ்வளவு தெரியுமா? ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் அவர் குடும்பத்தை விட்டுவிட்டு அரண்மனையிலேயே தங்க வேண்டும். அரசு வேலை இல்லாமல் வெளியே தலைகாட்டக் கூடாது. மாதம் முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெரிய சபை கூடும் மண்டபத்தின் வாசலுக்கு மேலே லத்தீனில் பொறித்திருக்கிறார்கள்: சொந்தக் காரியத்தை மறந்து பொதுக் காரியத்தைப் பாருங்கள் என்று. எழுதிவைப்பது எல்லா ஊரிலும் நடக்கும். இவர்கள் அதற்குத் தோதாகச் சட்டமும் போட்டார்கள்.

மேற்கு மதிலுக்கு வெளியே, கடலோரப் பாறைமேல் லோவ்ரியெனாட்ஸ் என்று ஒரு கோட்டை. தொடரில் அரண்மனைக் காட்சிகள் சில அங்கேதான் எடுக்கப்பட்டன. இரண்டாவது சீசன் ஆரம்பத்தில், அந்தப் பொடியன் மன்னன் ஜாஃப்ரி உட்கார்ந்து வீரர்களை மோதவிட்டு ரசிப்பானே, அதே இடம். அந்தக் கோட்டையின் கடல் பக்கத்துச் சுவர் 12 மீட்டர் வரை தடிமன். நகரத்தைப் பார்த்த பக்கத்துச் சுவர் வெறும் 60 சென்டிமீட்டர். சிக்கனம் பிடித்தார்கள் என்று நினைக்காதீர்கள். கோட்டைத் தளபதி எவனாவது படையைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்கே ராஜாவாகப் பார்த்தால், நகரத்திலிருந்து பீரங்கியால் சுட்டு அந்தச் சுவரைத் தகர்க்க வேண்டும், அதற்காகத்தான் என்று சொல்கிறார்கள். கோட்டை வாசலில் இன்னொரு வாசகம்: உலகத்துத் தங்கம் முழுவதைக் கொடுத்தாலும் சுதந்திரத்தை விற்கக் கூடாது.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கொடுங்கோலனைக் கொண்டுவந்து உட்காரவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

ரகூசாவை ராமராஜ்யமாக்க நான் வரவில்லை. சபையில் உட்கார உரிமை பிரபுக் குடும்பத்து ஆண்களுக்கு மட்டும்தான். மீனவனுக்கும் கொத்தனாருக்கும் பெண்களுக்கும் அங்கே வாய் கிடையாது. சுதந்திரத்தை விற்க மாட்டோம் என்று கல்லில் வெட்டியவர்கள், ஓட்டோமான் சுல்தானுக்கு வருடாவருடம் 12,500 டுகாட் பொற்காசு கப்பம் கட்டினார்கள். விற்கவில்லை, வாடகை கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கையோடு போப்பாண்டவரிடமும் நல்ல பெயர் வாங்கினார்கள், சுல்தானின் நாடுகளில் வியாபாரமும் செய்தார்கள். 1377-இல் கொள்ளைநோய் பரவும் ஊர்களிலிருந்து வருபவர்களை ஒரு மாதம் தனியே நிறுத்திவைக்கச் சட்டம் போட்டார்கள். 1416-இல் அடிமை வியாபாரத்துக்குத் தடை. அந்தக் காலத்து அரசியல் என்றால் இதுவும்தான்: கணக்கு, தூது, சுகாதாரம், பதவிக்காலம். தலை உருளாததால் நமக்குக் கதையாகத் தெரியவில்லை.

தொடரின் கடைசிப் பகுதியில் ஒரு காட்சி ஞாபகம் இருக்கலாம். அடுத்த மன்னன் யார் என்று பிரபுக்கள் கூடி யோசிக்கும்போது, சாம்வெல் என்கிற பாத்திரம் எழுந்து மக்களையே கேட்டால் என்ன என்கிறான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பிறகு பிரபுக்களே கூடி ஒருவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அது பெரிய புரட்சி மாதிரி காட்டப்படுகிறது. ரகூசாக்காரன் பார்த்தால் சிரித்திருப்பான். மாதம் ஒரு ரெக்டர் என்று தேர்ந்தெடுத்துப் பழகிய அவனுக்கு அது மாதாந்திர வேலை.

இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. தொடரில் செர்சி ராணியை நிர்வாணமாக நடத்தி, கத்தி அவமானப்படுத்திக் கூட்டிப்போன படிக்கட்டில், சுற்றுலாப் பயணிகள் அதே மாதிரி கத்திக்கொண்டு இறங்கி வீடியோ எடுக்கிறார்கள். மதில்மேல் நின்று, டிராகன் எரித்த நகரம் இதுதான் என்று காட்டுகிறார்கள். கீழே தெரியும் கூரை ஓடுகளில் பெரும்பாலானவை பளிச்சென்று புதிதாக இருப்பது ஏன் என்று கேட்பவர்கள் குறைவு. 1991 அக்டோபரில் யுகோஸ்லாவ் ராணுவம் அந்த ஊரை முற்றுகையிட்டது. டிசம்பர் 6-ஆம் தேதி பழைய நகரத்தின்மேல் குண்டு மழை. அங்கே இருந்த 824 கட்டடங்களில் 563 சேதம். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1979 முதலே இருந்த ஊர் அது. மியோட்ராக் யோக்கிச் என்ற கடற்படைத் தளபதி பின்னால் ஹேக் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். படப்பிடிப்புக் குழு போய் இறங்கும்போது அந்தக் குண்டுவீச்சுக்கு இருபது வயதுதான். பழைய நகரத்தின் பீலே வாசலுக்குள் நுழைந்ததும் எந்தெந்த வீட்டில் குண்டு விழுந்தது என்று ஒரு வரைபடம் மாட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டித்தான் படிக்கட்டுக்குப் போக வேண்டும்.

இப்போது அதே கற்பனை உலகத்தின் முன்கதை 2022 முதல் வந்துகொண்டிருக்கிறது. அதுவும் வாரிசுச் சண்டைதான். பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஸ்டீஃபனும் மட்டில்டாவும் முட்டிக்கொண்ட கதையின் சாயல். நானும் விடாமல் பார்க்கிறேன். நன்றாகத்தான் எடுக்கிறார்கள், என்ன செய்ய.

நன்றி, வணக்கம்.