பட்டிமன்றம்: அனிமேயை வளர்த்தது பஞ்சமா, வசதியா? பஞ்சமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

அனிமே என்றால் ஜப்பானிய அனிமேஷன். அதை வளர்த்தது காசும் ஆளும் இல்லாத பஞ்சமே என்பது என் கட்சி. வசதிதான் என்னும் எதிரணித் தோழர் ‘அகிரா’ என்ற அனிமே படத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். 1988இல் வந்தது, 1,60,000க்கும் மேற்பட்ட செல்கள், இதுவல்லவா அனிமே என்றார். செல் என்றால் நம் பையில் இருக்கும் செல் இல்லை. படத்தை வரைந்து வண்ணம் தீட்டும் கண்ணாடி போன்ற தாள். அவர் சொன்ன எண்ணிக்கை சரி. நான் இன்னொரு கணக்குப் போடுகிறேன்.

திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அரைமணி நேரத் தொடரில் விளம்பரமும் முன்பாட்டும் பின்பாட்டும் போகக் கதை ஓடுவது ஏறத்தாழ 20 நிமிடம். ஃபிரேமுக்கு ஒரு படம் என்றால் 28,800 படம் வேண்டும். ஒரே படத்தை மூன்று ஃபிரேம் நிறுத்தினால் நொடிக்கு 8 படம், அப்போதும் 9,600. ஆனால் ஒரு வாரத்துத் தொடர் அத்தியாயத்துக்குப் பொதுவாக ஆவது மூவாயிரம் முதல் ஐயாயிரம்தான். மீதியை யார் வரைந்தது? யாரும் வரையவில்லை ஐயா! வரையாமல் விட்ட அந்த இடத்தில்தான் அனிமே என்ற கலையே குடியிருக்கிறது.

வசதியான வழி ஜப்பானில் இல்லாமல் இல்லை. தோயே நிறுவனம் 1958இல் ‘வெள்ளைப் பாம்பின் கதை’யை முழுநீள வண்ணப் படமாக எடுத்தது. டிஸ்னியைப் போல வரவேண்டும் என்று ஆசைப்பட்ட நிறுவனம். அந்த வழியிலேயே போயிருந்தால் கீழ்த்திசைக்கு ஒரு டிஸ்னி கிடைத்திருக்கும். நாம் இன்று கூடிப் பேச அனிமே கிடைத்திருக்குமா?

1963 ஜனவரி 1. காமிக்ஸ் ஓவியர் தெசுகா ஒசாமுவின் முஷி புரொடக்‌ஷன் நிறுவனம் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரைத் தொலைக்காட்சியில் தொடங்குகிறது. வாரம் ஒரு அரைமணி. கையில் ஆளும் குறைவு, காசும் குறைவு. என்ன செய்தார்கள்? மூன்று ஃபிரேமுக்கு ஒரு படம். அசையத் தேவையில்லாத காட்சிக்கு ஒரே படம். பறக்கும் பையனை ஒருமுறை வரைந்து தாளை மட்டும் இழுப்பது. ஒருமுறை வரைந்ததை எடுத்து வைத்து அடுத்த அத்தியாயத்தில் பின்னணியை மாற்றிப் போடுவது. இதற்கு அவர்கள் வைத்த பெயரே ‘பேங்க்’. நம் வீட்டில் நேற்றைய இட்லி இன்று உப்புமா ஆவதில்லையா? அப்படி ஓட்டியே 193 அத்தியாயம் போனது.

இதில் எனக்கு மிகப் பிடித்தது வாய். முகம் ஒரு தாள், கண் ஒரு தாள், வாய் ஒரு தாள். மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுதும் திறந்த வாய் என்று மூன்றே படம். கண் சிமிட்டவும் அதே மூன்று. முகத்தைத் தொடாமல் வாய்த்தாளை மட்டும் மாற்றி மாற்றி வைத்தால் பாத்திரம் மணிக்கணக்கில் பேசும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தாளை அடுக்க அடுக்க அடியில் இருக்கும் வண்ணம் மங்கும். ஒரு ஷாட்டின் நடுவில் ஒரு தாளை எடுத்துவிட்டால் முகம் சட்டென்று வெளுக்கும். அதனால் எடுத்த தாளுக்குப் பதில் ஒன்றும் வரையாத வெற்றுத்தாளை வைத்து அடுக்கின் எண்ணிக்கையைக் காப்பாற்றினார்கள். சிக்கனம் என்றால் சோம்பேறித்தனம் என்று நினைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘அகிரா’வில் குரலை முதலில் பதிந்து, அதற்கேற்ப வாயை வரைந்தார்கள். அழகுதான். ஆனால் அப்படி வரைந்த வாயில் தமிழை ஏற்றிப் பாருங்கள். உதடு ஒட்டுகிற இடத்தில் ப, ம வரும் சொல்லைத் தேடியே வசனகர்த்தா நொந்துபோவார். மூன்று வாய்க்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. பேச்சு தொடங்கும் இடமும் முடியும் இடமும் பொருந்தினால் பெரும்பாலும் போதும். 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ படம் தமிழ் பேசிக்கொண்டு திரையரங்குக்கு வந்தது. அது வசதியான படம்தான், மறுக்கவில்லை. அதன் நாயகன் தன்ஜிரோவின் வாயில் தமிழ் உட்கார்ந்ததே, அதற்கு வழி போட்டது பழைய பஞ்சம்.

நடையைப் பாருங்கள். பின்னணி ஃபிரேமுக்கு ஃபிரேம் நகர, ஆள் மட்டும் மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை மாறினால், உருவம் உதறும். கால் தரையில் ஒட்டாமல் வழுக்கும். எல்லாவற்றையும் வரைய ஆள் இல்லை. ஆகவே காமிராவை மார்புக்கு மேலே ஏற்றிவிட்டார்கள்! தோள் மட்டும் ஏறி இறங்கும், நடப்பது நமக்குப் புரிந்துவிடும். காலை மறைக்கப் போனவர்கள் முகத்தின் அருகே வந்து சேர்ந்தார்கள்.

இயக்குநர் டெசாகி ஒசாமு இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். உச்சக் கட்டத்தில் படத்தை உறைய வைத்து, அந்த ஒரு ஃபிரேமை மட்டும் பின்னணி ஓவியர் கையில் கொடுத்து, ஓவியமாகவே தீட்ட வைப்பது. குத்துச்சண்டைக்காரன் ஜோவின் கதை 1981இல் தொலைக்காட்சியில் முடிந்தபோது, வெளுத்துப்போய் மூலையில் உட்கார்ந்திருக்கும் அவன் உருவம் அசையவே இல்லை. அங்கே போய் 24 ஃபிரேம் கேட்பீர்களா?

எதிரணி முட்டைக்கோஸைக் காட்டிச் சிரிக்க வைத்தது. 2006இல் ஒரு தொடரில் முட்டைக்கோஸ் பச்சைப் பந்து போல வந்ததும், பிறகு டிவிடியில் அதைத் திருத்தியதும் உண்மை. ஆனால் அது நாள் குறைந்ததன் கோளாறு. அசைவின் முக்கியக் கட்டங்களைக் காட்டும் முதன்மைப் படங்களைப் பார்த்துத் திருத்த வேண்டியவருக்கு அவகாசம் இல்லையென்றால், ஷாட்டுக்கு ஷாட் முகம் மாறும், கோஸ் பந்தாகும். நான் வாதாடுவது படங்களின் எண்ணிக்கைக் குறைவுக்கு. ஊழியரின் தூக்கத்தையும் கூலியையும் குறைப்பதற்கு நான் வக்கீல் இல்லை. அந்த வழக்கில் நானும் எதிரணிதான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். இன்னும் ஒரு நிமிடம் இருக்கும். 1996 மார்ச்சில் ‘இவாஞ்சலியன்’ தொடரின் 24ஆம் அத்தியாயத்தில் அதே ஒரு நிமிடம் வருகிறது. ராட்சத இயந்திரத்தின் கைப்பிடியில் ஒரு பையன். அவனைக் கொல்வதா வேண்டாமா என்று உள்ளே இருக்கும் இன்னொரு பையன் முடிவெடுக்க வேண்டும். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி ஓடுகிறது. ஏறத்தாழ ஒரு நிமிடம், அதாவது 1,440 ஃபிரேம், ஒரே படம். ஏதாவது அசையாதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோம், ஐயா. கடைசியில் தண்ணீரில் ஏதோ விழும் சத்தம் மட்டும் கேட்கிறது.

நன்றி, வணக்கம்.