மொந்தை உடைந்தால் கள் எங்கே நிற்கும்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இன்றைய வீடியோ கேம் உலகுக்குப் பெரிதும் தேவை புதுப் படைப்புகளா, புதுப்பித்த படைப்புகளா என்பது தலைப்பு. புதுப்பித்த படைப்புகளே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், ரீமாஸ்டர், அதாவது பழைய கேமைப் புதுப்பித்து மீண்டும் வெளியிடுவது என்றால் பழைய கள், புது மொந்தை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஐயா, மொந்தையே உடைந்துவிட்டால் கள் எங்கே நிற்கும்? நூறு வருடத்துக்கு முன் அச்சான புத்தகத்தைக் கையில் எடுத்தால் படித்துவிடலாம். இருபது வருடத்துக்கு முந்தைய கேமை அப்படி ஆட முடியாது. அதற்கென்றே செய்த கன்சோல் என்ற ஆட்டக் கருவி வேண்டும், கீறல் விழாத டிஸ்க் வேண்டும், அந்தக் காலத்து விண்டோஸ் வேண்டும். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று முறையாக விலைக்குக் கிடைப்பதில்லை என்று 2023இல் பழைய கேம்களைப் பாதுகாக்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஆய்ந்து சொன்னது. நூற்றுக்கு எண்பத்தேழு! இத்தனையையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் புதியதைப் பற்றி மட்டும் பேசச் சொல்கிறீர்களா?

நல்ல ரீமாஸ்டர் எப்படி இருக்கும்? 2000இல் வந்த டயாப்ளோ 2 என்ற கேம், 2021இல் ரிசரெக்டட் என்ற பெயரில் மீண்டும் வந்தது. ஆடிக்கொண்டிருக்கும்போதே கீபோர்டில் ஜி என்ற எழுத்தைத் தட்டுங்கள். பளபளக்கும் முப்பரிமாணக் காட்சி மறைந்து, புள்ளி புள்ளியான பழைய படம் வந்து நிற்கும். எதிரி நின்ற இடம் மாறாது, உங்கள் அடி விழும் கணமும் மாறாது. பழைய ஆட்டம்தான் அடியில் ஓடுகிறது, மேலே தோல் மட்டும் புதிது. பழைய பதிப்பில் ஒரு வாளை உங்களுடைய இன்னொரு கதாபாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டுமென்றால், ஆன்லைனில் அதைத் தரையில் போட்டுவிட்டு வெளியேறி, மற்றவனாக ஓடி வந்து எடுக்க வேண்டும். அதற்குள் அந்த ஆட்டம் மூடிக்கொண்டால் வாள் போயே போச்சு. இப்போது உங்கள் கதாபாத்திரங்கள் எல்லோருக்கும் பொதுவான பெட்டி இருக்கிறது. ஆட்டத்தின் உயிரைத் தொடாமல் வீண் தொல்லையை மட்டும் எடுத்தார்கள் பாருங்கள், அது பக்குவம்! வெளியான அடுத்த மாதமே சர்வர்கள் திரும்பத் திரும்ப விழுந்தன என்பதையும் நான் மறைக்கவில்லை.

லாஸ்ட் ஆஃப் அஸ் என்ற கேம் 2013, 2014, 2022 என்று மூன்று முறை வந்ததை நண்பர் கடிந்தார். மூன்றாவதின் விலை அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மூன்றாவதில்தான், பார்வையற்றவர்களுக்காகக் காட்சிகளைக் குரலால் விவரிக்கும் வசதி வந்தது. காது கேளாதவர்களுக்காக, வசனம் பேசப்படும் விதத்துக்கேற்பக் கையிலிருக்கும் கன்ட்ரோலர் அதிர்கிறது. ஒன்பது வருடம் வாசலிலேயே நின்றவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. இதையா வெறும் மெருகு என்கிறீர்கள்?

ஜிடிஏ, அதாவது கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ வரிசையின் மூன்று பழைய கேம்களைப் புதுப்பித்த 2021 தொகுப்பை அவர் எடுத்துக்காட்டினார். அது எனக்கும் வலிதான். அந்த மூன்றில் ஒன்றான சான் ஆண்ட்ரியாஸில் பழைய கன்சோலால் தொலைவை வரைய முடியாததை மூடுபனி மறைத்தது, அதனாலேயே அந்த நிலம் பரந்து தெரிந்தது. பனியை நீக்கியதும் ஒரு நகரத்திலிருந்து அடுத்த நகரம் கண்ணில் பட்டு, நாடே சுருங்கிப்போனது. அதை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. வார்கிராஃப்ட் 3 என்ற கேமின் விஷயம் இன்னும் மோசம். 2020இல் புதுப்பதிப்பு பழையதன் இடத்தையே பிடித்துக்கொண்டது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்குப் போனது. இரண்டிலும் நடந்தது மூலத்தைப் புரிந்துகொள்ளாத வேலை. சிற்பத்தைச் சரியாகத் துடைக்கத் தெரியாதவர் கையில் கொடுத்துவிட்டு, துடைப்பதே தப்பு என்று சொல்லலாமா?

புதியது மட்டும் பழுதில்லாமல் வருகிறதா? சைபர்பங்க் 2077 என்ற புது கேம், 2020 டிசம்பரில் வந்த வேகத்தில் சோனியின் இணையக் கடையான பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டு, ஆறு மாதம் கழித்தே திரும்பியது. ரீமாஸ்டர் செய்பவருக்கு எது சரி என்று அளந்து பார்க்க மூலம் எதிரிலேயே இருக்கிறது. தவறினால் ஆடியவர்கள் அன்றைக்கே சொல்லிவிடுவார்கள்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதுமுன் ஒரே ஒரு முறை அந்த ஜி எழுத்தைத் தட்டிப் பாருங்கள். இரண்டு காலமும் உங்கள் விரலடியில் இருக்கும். வணக்கம்.