வாட்ஸ்அப் குழுவில் விவசாயிக்கு இடம் உண்டா?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருக்காரர்கள் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, ஏற்காட்டு விவசாயிகளிடம் நேரடியாகக் காய் வாங்குகிறோம். உணவில் ஜனநாயகம் என்று நீங்கள் சொல்வது இதுதானா?"

நல்ல தொடக்கம், அம்மா. உணவில் ஜனநாயகம் என்றால் விளைவிக்கிறவரும் சாப்பிடுகிறவரும் சேர்ந்து முடிவெடுப்பது. ஆனால் அந்தக் குழுவில் விவசாயிகள் இருக்கிறார்களா? வாங்குகிறவர்கள் மட்டும் கூடிப் பேசி விலை சொன்னால், வியாபாரி இருந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

உழவர் சந்தை 1999-இல் வந்தது. கடை வாடகை கிடையாது, தராசும் இலவசம் என்பதைத்தான் பலரும் பெரிதாகச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அங்கே தினமும் எழுதும் விலைப் பலகை. மொத்த விலையைவிடக் கொஞ்சம் கூட, சில்லறை விலையைவிடக் கொஞ்சம் குறைய ஒரு விலை. விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே பலகையைப் பார்க்கிறார்கள். மலைமேல் இருப்பவருக்குத்தான் அது கண்ணில் படுவதில்லை.

நாகலூர்ப் பக்கம் ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சௌசௌ மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். என்ன விலைக்குப் போகும் என்று கேட்டேன். "வண்டிக்காரர் கொடுப்பதுதான் விலை" என்றார். சூரமங்கலம் சந்தைப் பலகையின் படம் பேரனின் கைப்பேசிக்கு வந்திருந்தது. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது, அவன் வாசித்தான். கோணி ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு முறை வாசி" என்றார்.

ஆகவே பலகையின் படத்தைத் தினமும் குழுவில் போடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக விலையைக் குரல் பதிவாகவும் சொல்லுங்கள். வண்டி வாடகை, அழுகிக் கழிந்த காய், எல்லாக் கணக்கும் எல்லோருக்கும் தெரியட்டும். குழுவை நடத்தும் பொறுப்பு ஒருவரிடமே தங்க வேண்டாம். மலையிலிருந்தும் ஒருவர் நடத்தட்டும்.

இன்னொன்று. காசு இருப்பவர் காய் வாங்குவதோடு உணவு விஷயம் முடிந்துவிடாது, ரேஷன் கடையும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 28-ஆவது பிரிவில், ரேஷன் கடைகள் நடக்கும் விதத்தை உள்ளாட்சி அமைப்புகள் சமூகத் தணிக்கை, அதாவது மக்கள் முன்னிலையில் சரிபார்ப்பு, செய்ய வேண்டும் என்கிறது. அரிசி எந்த நாளில் வந்தது, ரேஷன் கடைப் பலகையில் இருப்பு என்ன எழுதியிருந்தார்கள் என்று மலைக் கிராமத்தார் மாதாமாதம் குழுவில் பதிந்து வந்தால், கிராமசபையில் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. கைப்பேசியில் எவ்வளவு பேசினாலும், தீர்மானப் புத்தகத்தில் ஏறினால்தான் அதிகாரி பதில் சொல்வார். அக்டோபர் 2 கிராமசபைக்கு இரண்டு வாரம் முன்பே தீர்மான வாசகத்தைக் குரல் பதிவாக அனுப்புங்கள். அந்தப் பாட்டியும் கேட்டுத் திருத்தம் சொல்லட்டும்.