சவலைப் பிள்ளையும் மடிப் பிள்ளையும்

வணக்கம். குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, வீட்டுப் பெரியவர்களே.

'சவலை' என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. கைக்குழந்தை பால் மறக்கும் முன்பே அம்மா மறுபடி முழுகாமல் இருந்தால், பால் கிடைக்காமல் மெலிந்து சிணுங்கும் மூத்ததுதான் சவலைப் பிள்ளை. கானா நாட்டுக் கா மொழிக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: குவாஷியோர்கர். அடுத்தது வந்ததும் மூத்ததைப் பிடிக்கும் நோய். சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1935-இல் அந்தப் பெயரிலேயே அதை மருத்துவ உலகுக்கு எழுதினார். முடி செம்பட்டையாகும், கால் வீங்கும். வீக்கத்தைப் பார்த்து, பிள்ளை தேறிவிட்டது என்று ஏமாறுவதும் உண்டு. அந்த ஊர்ப் பாட்டியும் நம்மூர்ப் பாட்டியும் பேசிவைத்துக்கொண்டா சொன்னார்கள்?

சரி, மூத்தது இருக்கட்டும். வயிற்றில் இருப்பதற்கும் சவலைதான். அம்மா உடம்பில் செலவான இரும்புச்சத்து திரும்பச் சேரவில்லை. பிள்ளை 37 வாரத்துக்கு முன்பே பிறக்கலாம், இரண்டரைக் கிலோவுக்குக் குறையலாம். முதல் 28 நாளில் அதற்குத்தான் ஆபத்து அதிகம். போதாததற்கு மூத்தது சளி மூக்கோடு வந்து முத்தம் கொடுக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: பிரசவம் ஆகி 24 மாதம் கழித்தே அடுத்த கர்ப்பம். அடுத்த பிரசவம் இல்லை, அடுத்த கர்ப்பம்! இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கரு கலைந்திருந்தால் 6 மாதம்.

"பால் கொடுக்கிறேன், கரு நிற்காது" என்பது பாதி உண்மை. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: பிள்ளைக்கு 6 மாதம் நிறையவில்லை, மாதவிலக்கு திரும்பவில்லை, ராத்திரி பகல் தாய்ப்பால் மட்டும். சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினாலோ, கொழுந்து பறிக்கப் போய்ப் பகலில் பால் நின்றாலோ காவல் போயிற்று. மாதவிலக்கு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அதற்கு முன்பே கருமுட்டை வந்துவிடும். கருத்தடைக்குக் காப்பர்-டி பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடலாம், தவறினால் 6 வாரம் கழித்து. அந்தரா என்ற கருத்தடை ஊசி 3 மாதத்துக்கு ஒன்று. பால் கொடுப்பவர்களுக்கு 6 வாரத்துக்குப் பிறகு.

இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். டீயோடு மட்டும் வேண்டாம், சத்து உடம்பில் ஒட்டாது. தேயிலை நாட்டில் இதைச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

நேரமாச்சு என்று கை காட்டுகிறார்கள். குளிரைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், ஒன்றே ஒன்று. எடை குறைந்த பிள்ளையை அம்மா நெஞ்சோடு, தோலோடு தோலாகப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் குளிப்பாட்ட வேண்டாம். வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள்: பாதம் மட்டும் சில்லென்றிருந்தால் உடனே நெஞ்சோடு அணையுங்கள், இரண்டுமே சில்லென்றிருந்தால் அணைத்தபடியே 108-ஐக் கூப்பிடுங்கள். வணக்கம்.