‘தக்வா’வை அகராதியில எங்க தேடணும்?

அஸ்ஸலாமு அலைக்கும். குர்ஆன் சொற்களுக்கு வேர், அதாவது சொல்லுக்கு அடிப்படையான அரபி எழுத்துகளை, தேட ஆரம்பிக்கிறவங்க பெரும்பாலும் முட்டிக்கிட்டு நிக்கிற சொல் ‘தக்வா’ (தமிழாக்கங்கள்ல ‘பயபக்தி’). தா வரிசையில புரட்டிட்டு, காணோம்னு மூடி வச்சிடுவாங்க. அகராதி வேர் எழுத்து வரிசையில அடுக்கினது, அதனால அது இருக்கிறது வாவ் வரிசையில.

குர்ஆனோட 2ஆவது அத்தியாயமான பகராவுல 2ஆவது வசனத்தை எடுங்க: ‘ஹுதன் லில்முத்தகீன்’. கடைசிச் சொல்லோட முன்னாடி இருக்கிற லி, அல் ரெண்டையும் கழட்டுங்க. ‘ஈன்’ பன்மை விகுதி, ‘மு’ செய்றவரைக் காட்டுறது, ரெண்டும் போகட்டும். மிச்சம் ‘த்தகி’. இப்ப தா மேல உள்ள ஷத்தை, அதாவது இரட்டிப்புக் குறியைப் பாருங்க. ஷத்து இருந்தா அங்க ரெண்டு எழுத்து. ஒரு தா ‘இஃப்திஆல்’ பாபு, அதாவது அந்த வினை வாய்பாடு கொண்டு வந்தது. இன்னொண்ணு, வேர்ல இருந்த வாவ். அந்தப் பாபுல தாவுக்கு முன்னாடி வாவ் வந்தா, அதுவும் தாவாகி ஒட்டிக்கும். ஆக, வேர் வாவ், காஃப், யா. இந்தக் காஃப் அடிநாக்குல பிறக்கிற காஃப். தமிழ் எழுத்துல ரெண்டு காஃபும் ஒண்ணுதான். ‘கல்ப்’னு எழுதினா இதயமா நாயான்னே தெரியாது. அதனால தமிழ் உச்சரிப்பை வச்சு வேர் தேடாதீங்க, முஸ்ஹஃபை (அரபி மூலக் குர்ஆன் பிரதியை) திறந்து வச்சுக்கங்க.

வேர் சரிதானான்னு சோதிக்கணும்ல? தினமும் ஓதுற துஆ, 2:201, ‘வகினா அதாபன்னார்’. இதுல ‘வ’ வேர் எழுத்து இல்ல, ‘இன்னும்’னு சேர்க்கிற வ. ‘நா’ எங்களை. வேர்ல மிஞ்சினது ‘கி’ மட்டும்! ஏவல்ல முதல் வாவும் கடைசி யாவும் உதிர்ந்திடும். 66:6ல ‘கூ அன்ஃபுஸகும்’னு வருதே, அங்கயும் அதே கதைதான்.

பொருளுக்கு 16:81 போங்க. ‘ஸராபீல தகீகுமுல் ஹர்ர’, வெப்பத்துல இருந்து உங்களைக் காக்கிற சட்டைகள். பயம்ங்கிற பேச்சே இங்க இல்ல, காப்புதான். பயத்துக்கு கவ்ஃப், கஷ்யத்னு தனிச் சொற்கள் குர்ஆன்லயே இருக்கு. அதுக்காக ‘பயபக்தி’னு போட்ட தமிழாக்கம் தப்புன்னு கிளம்பிடாதீங்க. பயப்படுற ஒண்ணுல இருந்து தன்னைக் காப்புக்குள்ள வைக்கிறதுதான் தக்வா. அந்தத் தொடர்பால ஒண்ணோட பேரை இன்னொண்ணுக்குச் சொல்றதும் உண்டுன்னு ராகிப் அல்இஸ்ஃபஹானி தன்னோட குர்ஆன் சொல்லகராதி ‘முஃப்ரதாத்’ல எழுதியிருக்கார்.

முஃப்ரதாத் முதல் எழுத்து வரிசை. ‘லிஸானுல் அரப்’ங்கிற பெரிய அரபி அகராதியோட மூல அமைப்பு கடைசி எழுத்து வரிசை, அதனால இந்த வேர் கடைசிப் பாகத்துல வரும். எட்வர்ட் லேனோட அரபி-ஆங்கில அகராதியில அடிநாக்குக் காஃப் வரிசையோட விரிவான வேலை நின்னுபோச்சு. அவர் 1876ல இறந்துட்டார். வாவ் அந்தக் காஃபுக்குப் பின்னாடி வர்ற எழுத்து, அதனால வாவ் வேர்களுக்கு அதை மட்டும் நம்பாதீங்க.