தெமெங்கோர் ஏரிக்குப் போறோம், முதல்ல இந்த லைஃப் ஜாக்கெட்டப் பாருங்க

வணக்கம் மக்களே. சுங்கை சிப்புட்ல எங்க வீட்டு முன்னால அஞ்சடி நடைபாதையிலேர்ந்து பேசுறேன். பின்னால கெடக்குறது கென்வாஸ், கேஸ் அடுப்பு, தூண்டிலு. வர்ற வெள்ளிக்கிழமை குடும்பத்தோட தெமெங்கோர் ஏரிக்கு, ரெண்டு ராத்திரி.

மலேசியாவுல, பேராக் மாநிலத்துல, தாய்லாந்து எல்லைக்குக் கிட்ட இருக்கு. 15,200 ஹெக்டர். கோலகங்சார் பாலத்துல நின்னு பார்ப்போமே, அதே பேராக் ஆறுதான், மேல அணை கட்டினதும் காட்டுக்குள்ள பரவிடுச்சு. முழுகுன மரமெல்லாம் செத்து இன்னும் நின்ன மேனிக்கு நிக்குது. தலை வெளிய தெரிஞ்சா ஒதுங்கிக்கலாம், தெரியாததுதான் ஆபத்து. போன தடவ எங்க அக்கா மவன் போட்லேர்ந்து குதிச்சான். முட்டியிலேர்ந்து கணுக்கால் வரைக்கும் கிழிச்சிடுச்சு. காயத்துல ஒட்டியிருந்த கறுப்புப் பட்டைய நான்தான் ஒண்ணொண்ணா எடுத்தேன். தோட்டத்து ஆத்துல குதிச்சு வளர்ந்த ஆளுங்கதான் நாம, நீச்சல் தெரியும். ஆனா அங்க அது பத்தாது.

அதான் இந்த லைஃப் ஜாக்கெட், தண்ணியில மிதக்க வைக்கும். பக்கிள் எல்லாத்தையும் மாட்டுங்க. இப்ப தோள்பட்டைய ரெண்டு கையால மேல தூக்குங்க. பாருங்க, தாடையில வந்து இடிக்குதுன்னா சைஸ் பெருசு. சின்னப் பிள்ளைக்கு காலுக்கு நடுவுல வர்ற இந்த வாரையும் கட்டணும், இல்லன்னா ஜாக்கெட் மட்டும் மேல ஏறிடும், பிள்ளை கீழ நழுவிடும். போன தடவ ஜாக்கெட் போட்லயே இருக்கும்னு நம்பிப் போனோம், பிள்ளைங்க சைஸ் ஒண்ணுகூட இல்ல. இந்தவாட்டி சொந்தமா வாங்கிட்டேன்.

போற வழியில லெங்கோங் தாண்டி கிரிக் டவுன், அங்கயே காருக்கு எண்ணெய் அடிச்சிடுங்க. அப்புறம் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை, 1982ல திறந்தது. பொழுது சாஞ்சப்புறம் ஓட்டாதீங்க, யானை குறுக்க வரும். பண்டிங் தீவு ஜெட்டியில போட் ஏறணும். வடக்குப் பக்கம் ராயல் பெலும், 2007லேர்ந்து மாநிலப் பூங்கா, பெர்மிட் முன்னாடியே எடுத்துடுங்க. வருசக் கடைசி மழையில போக வேணாம்.

கரையில யானைச் சாணி கெடந்தா அங்க கூடாரம் போடாதீங்க, அது அதுங்க தண்ணி குடிக்க வர்ற வழி. குப்பைய ஒரு பையில கட்டித் திருப்பிக் கொண்டாந்துடுங்க. அந்த ஏரிக்கரையில ஜஹாய் பழங்குடி மக்கள் குடியிருக்காங்க, அவங்க வாசல் அது.

நாளைக்குச் சாயங்காலம் பசங்களுக்கு ஜாக்கெட்ட மாட்டி நீச்சல் குளத்துல மிதக்க விட்டுப் பார்க்கப் போறேன். யாருக்காவது வாய் வரைக்கும் தண்ணி ஏறுச்சுன்னா, வெள்ளிக்கிழமைக்குள்ள அத மாத்திடுவேன்.